பாலத்தோடு விழுந்த டிராம்: விக்டோரியா, 1896

1896 மே 26 அன்று, கனடாவின் விக்டோரியா நகரில் பாயின்ட் எல்லிஸ் பாலம் உடைந்து, அதில் போன டிராம் தண்ணீரில் விழுந்தது. 55 பேர் இறந்தார்கள். அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

அன்று ஏன் அவ்வளவு கூட்டம்?

விக்டோரியா மகாராணியின் பிறந்தநாள் கொண்டாட்டம். எஸ்குவிமால்ட் பக்கம் படையினர் நடத்தும் போலிப் போரைப் பார்க்க ஊரே கிளம்பியிருந்தது. 60 பேர் போகக்கூடிய 16ஆம் எண் டிராமில் 140 பேருக்கு மேல் ஏறியிருந்தார்கள்.

அப்படியானால் கூட்டம்தானே காரணம்?

பாதிக் காரணம் என்பேன். பாலம் கட்டியது 1885இல், டிராம் வந்தது 1890இல். குதிரை வண்டிகளையும் நடந்துபோகிறவர்களையும் நினைத்துக் கட்டிய பாலத்தின் மேல் டிராமை ஓட்டினார்கள். 1893இலேயே டிராமின் பாரத்தில் பாலத்தின் ஒரு பகுதி தாழ்ந்தது. ஏதோ பழுது பார்த்துவிட்டு மறுபடியும் ஓட்டினார்கள்.

இன்னொன்றும் உண்டு. அதை எப்போது படித்தாலும் எனக்கு மனசு ஆறாது. பாலத்தின் மர உத்தரங்கள் உளுத்திருக்கின்றனவா என்று பார்க்க நகராட்சி ஆட்கள் அவற்றில் துளை போட்டிருந்தார்கள். துளை வழியே தண்ணீர் இறங்கி, மரம் உள்ளுக்குள்ளேயே அழுகியது. மேலே நின்று பார்த்தால் உத்தரம் திடமாகத்தான் தெரியும்.

உயிர் தப்பியவர்கள் எப்படித் தப்பினார்கள்?

பெரும்பாலும் டிராமின் இடது பக்கம் இருந்தவர்கள்தான் வெளியே வந்தார்கள். எந்தப் பக்கம் இடம் கிடைத்தது என்பதே உயிரைத் தீர்மானித்தது. உடைந்த பாலத்தின் மரமும் இரும்பும் வேறு டிராமின் மேல் வந்து விழுந்தன.

யாராவது பொறுப்பேற்றார்களா?

தானாக யாரும் ஏற்கவில்லை. மரண விசாரணை ஜூரி, அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியதற்காக டிராம் கம்பெனியை முதல் குற்றவாளியாகச் சொன்னது; நகராட்சியின் அலட்சியத்தையும் சேர்த்துச் சொன்னது. கம்பெனி திவாலானது. நகராட்சி மேல்முறையீடு செய்துகொண்டே அன்றைய பிரிட்டிஷ் பேரரசின் கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1899இல் அங்கேயும் தோற்றது. நட்ட ஈடு கேட்ட குடும்பங்கள் 3 வருடம் காத்திருந்தார்கள், அதுதான் கொடுமை.

வேறு ஊர்களாவது பாடம் கற்றனவா?

அப்படிச் சொல்ல முடியவில்லை. அமெரிக்காவின் டகோமாவில் 1900 ஜூலை 4, அதுவும் விடுமுறை நாள். நெரிசலான டிராம் ஒன்று இறக்கத்தில் வேகம் பிடித்து, வளைவில் தடம் புரண்டு பள்ளத்தில் விழுந்தது. 40 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அந்தப் பாலம் இப்போது இருக்கிறதா?

இல்லை. அதே இடத்தில் இப்போது இருப்பது 1957இல் கட்டிய பே தெருப் பாலம்.