பன்னிரண்டு நாளில் நியூசிலாந்து: கேம்பர் வேனுக்கு முன்பணம் கட்டும் முன்

கேள்வி: கோவையில் வசிக்கிறோம். ஏப்ரல் கடைசி வாரத்தில் எனக்கும் கணவருக்கும் சேர்ந்தாற்போல் 12 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. உடன் 66 வயது மாமியாரும் வருகிறார். அவருக்கு முழங்கால் வலி உண்டு. ஆக்லாந்தில், உள்ளேயே படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கேம்பர் வேன் எடுத்து, இரண்டு தீவுகளையும் பார்த்துக்கொண்டே போய்க் குயின்ஸ்டவுனில் வேனை ஒப்படைத்துவிடலாம் என்பது கணவரின் திட்டம். இது நடக்குமா? எதைச் சேர்க்கலாம், எதை விடலாம்?

பதில்: ஓட்டி முடிக்கலாம். ஆனால் பார்த்து முடிக்க முடியாது. வடக்குத் தீவை இந்த முறை முழுதாக விட்டுவிடுங்கள் என்பதுதான் என் முதல் ஆலோசனை.

கணக்கைப் பாருங்கள். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் சுமார் 640 கி.மீ. அங்கே வேனோடு கப்பலேறிக் குக் நீரிணையைக் கடக்க மூன்றரை மணி நேரம். இறங்கும் பிக்டனிலிருந்து கிறைஸ்ட்சர்ச் 340 கி.மீ. அதற்குப் பிறகும் குயின்ஸ்டவுனுக்கு 480 கி.மீ. மிச்சம். பெரும்பகுதி இருவழிச் சாலை. மலையும் வளைவும் நிறைய. வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் சட்டப்படி 90 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக் கூடாது. வரைபடம் மூன்று மணி நேரம் என்று காட்டினால் நான்கு என்று எழுதிக்கொள்ளுங்கள்.

தூரத்தைவிடப் பெரிய செலவு ஒன்று இருக்கிறது. கேம்பர் வேனில் ஒவ்வொரு முறை கிளம்புவதும் ஒரு சின்ன வீட்டைக் காலி செய்வது போன்ற வேலை. படுக்கையை மடித்து மேசையாக்க வேண்டும். பாத்திரங்களைக் கழுவி உருளாமல் அடுக்க வேண்டும். மின்கம்பியைச் சுருட்டி, எரிவாயுவை அடைத்து, கூரை ஜன்னலை மூடி, குளிர்பதனப் பெட்டியின் கதவைத் தாழிட வேண்டும். இரண்டு பிள்ளைகளோடும் ஒரு பெரியவரோடும் இதற்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். மாலையில் இடம் பிடித்து இதையே தலைகீழாகச் செய்ய இன்னொரு மணி நேரம். ஏப்ரல் கடைசியில் அங்கே இலையுதிர் காலம். ஏழேகாலுக்கு விடிந்து, ஐந்தே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். இருக்கிற பத்தரை மணி நேர வெளிச்சத்தில் மூட்டை கட்டுவதற்கும் ஓட்டுவதற்கும் கொடுத்தது போக மிஞ்சுவதுதான் உங்கள் விடுமுறை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். என் முதல் பயணத்தில் 13 நாளில் இரண்டு தீவுகளையும் சுற்றினோம். பதினோராம் நாள் காலை டே அனாவ் ஏரிக்கரையில் வேன் நின்றிருந்தது. தண்ணீர் மேல் பனிமூட்டம் மெல்ல விலகிக்கொண்டிருந்தது. எட்டு வயது மகள் கரையில் தட்டையான கற்களைப் பொறுக்கி வரிசையாக அடுக்கியபடி, "அப்பா, இன்றைக்கும் கிளம்ப வேண்டுமா?" என்று கேட்டாள். கிளம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அடுத்த ஊருக்கு முன்பதிவு செய்திருந்தோம். அந்தக் கற்களை அவள் அப்படியே விட்டுவிட்டு வந்து வேனில் ஏறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அதன் பிறகு யார் வந்து கேட்டாலும் முதலில் ஊர்களின் எண்ணிக்கையைத்தான் குறைக்கச் சொல்கிறேன்.

இனி உங்கள் 12 நாள். கோவையிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் உண்டு; அங்கிருந்து இரவு விமானம் நேராகக் கிறைஸ்ட்சர்ச் போகிறது. இரண்டாம் நாள் நீங்கள் இறங்கும்போது அங்கே காலை பத்து மணி என்றால், உங்கள் உடம்புக்கு அது விடியற்காலை மூன்றரை. அந்த நிலையில் ஏழு மீட்டர் நீள வண்டியை முதன்முறையாகக் கையில் எடுக்க வேண்டாம். அன்றிரவு விமான நிலையத்துக்கு அருகே ஓர் அறையில் தூங்குங்கள். ஒரு நாள் வேன் வாடகை மிச்சமாவது ஒருபுறம் இருக்கட்டும், கணவர் தெளிவான கண்ணோடு ஓட்டுவார் என்பதுதான் முக்கியம்.

மூன்றாம் நாள் காலை வேனை வாங்குங்கள். விளக்கிச் சொல்லி ஒப்படைக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதை முழுவதும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். இரவில் ஹீட்டர் எரியாதபோது அந்தப் படம்தான் உதவும். மளிகை வாங்கி முடிக்க மதியமாகிவிடும். எல்லோரும் அன்றைக்கே டெகாப்போ ஏரிக்குப் போய்ச் சேரத் துடிப்பார்கள். 225 கி.மீ.; போனால் இருட்டில்தான் போய்ச் சேர்வீர்கள். பாதிக்குச் சற்று மேல் இருக்கும் ஜெரால்டீன் என்ற சிற்றூரில் நின்றுவிடுங்கள். முதல் இரவில் எது எங்கே இருக்கிறது என்று தேடிப் பழகுவதே போதுமான வேலை.

நான்காம், ஐந்தாம் இரவுகள் டெகாப்போ. பனியாறுகள் அரைத்த பாறைத்தூள் மிதப்பதால் ஏரி நீர் பாலில் நீலம் கரைத்தது போல இருக்கும். கரையிலேயே 1935இல் கட்டிய சிறிய கல் தேவாலயம். மாமியார் மெல்ல நடந்து போய் வரலாம். வெந்நீர்க் குளங்களும் உண்டு, அவர் முழங்காலுக்கு இதமாக இருக்கும். இந்தப் பகுதி 2012 முதல் இருள்வானக் காப்பகம், அதாவது செயற்கை வெளிச்சம் கெடுக்காமல் இரவு வானைக் காக்கும் இடம். இரவு விளக்கை அணைத்துவிட்டுப் பிள்ளைகளைப் போர்வையோடு வெளியே அழைத்து வாருங்கள். கோவை வானில் தெற்கு ஓரத்தில் தாழ்வாகத் தெரியும் தென்சிலுவை அங்கே தலைக்கு மேலே நிற்கும். குளிர் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும், கம்பளித் தொப்பி அவசியம்.

ஆறாம் நாள் புகாக்கி ஏரிக்கரை வழியாக 3,724 மீட்டர் உயர ஔராக்கி (மவுண்ட் குக்) மலையடிவாரம். அங்கே கியா பாயின்ட் பாதை போய்வர ஒரு மணி நேரம்தான்; ஐந்து வயதுக் கால்களுக்கு அளவானது. இரவு, அந்த மலையடிவார ஊருக்குச் சுமார் 20 கி.மீ. முன்னால் உள்ள க்ளென்டானரில் தங்குங்கள். ஏழாம் நாள் லிண்டிஸ் கணவாய் கடந்து வானாகா, சுமார் 190 கி.மீ. இந்தப் பயணத்தின் நீளமான நாட்களில் ஒன்று. வழியில் ட்வைசலில் டீசலும் காய்கறியும் வாங்கிவிடுங்கள். வானாகாவில் இரண்டு இரவு. எட்டாம் நாள் வேனின் சாவியையே தொடாதீர்கள்.

ஒன்பதாம் நாள் டே அனாவ். வானாகாவிலிருந்து குயின்ஸ்டவுன் பக்கம் போக கிரவுன் ரேஞ்ச் சாலை குறுக்குவழி. 1,076 மீட்டர் வரை ஏறி இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள் கொண்டது. வேனுக்கு அது வேண்டாம், க்ராம்வெல் வழியே சுற்றிப் போங்கள். கவராவ் பாலத்தில் நிறுத்தினால் 43 மீட்டர் உயரத்திலிருந்து ஆட்கள் கயிறு கட்டிக் குதிப்பதைப் பார்க்கலாம். உங்கள் மகள் அங்கிருந்து நகர மாட்டாள்.

பத்தாம் நாள், செங்குத்தான மலைகளுக்கு நடுவே கடல் உள்புகுந்திருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: வேனை டே அனாவிலேயே விட்டுவிட்டுச் சுற்றுலாப் பேருந்தில் போங்கள். போக 118 கி.மீ., வர 118 கி.மீ. பனிச்சரிவு அபாயமுள்ள மலைச்சாலை, நடுவே 1.2 கி.மீ. நீள ஹோமர் சுரங்கம். குளிர் காலம் தொடங்கிவிட்டால் டயர் சங்கிலி எடுத்துச் செல்லச் சொல்வார்கள். ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்ப்பார். பேருந்தில் போனால் உங்கள் கணவரும் மலையைப் பார்ப்பார். அன்று மழை பெய்தால் சோர்ந்துவிடாதீர்கள். ஆண்டுக்கு ஆறரை மீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடம் அது. மழை நாளில்தான் பாறைச் சுவர் முழுக்க அருவிகள் இறங்கும்.

பதினோராம் நாள் காலை 170 கி.மீ. ஓட்டிக் குயின்ஸ்டவுனில் வேனை ஒப்படைத்துவிட்டு, அன்று மாலையே விமானத்தில் கிறைஸ்ட்சர்ச் வந்து தூங்குங்கள். பன்னிரண்டாம் நாள் வீடு திரும்பும் விமானம். மலைநகரத்தில் வானிலை கெட்டால் விமானம் தாமதமாகும். அதே நாளில் இரண்டு விமானங்களைக் கோக்காதீர்கள். மொத்தம் ஆயிரம் கி.மீ.க்குள், வேனில் எட்டு இரவுகள்.

வேன் தேர்வில் ஒரு விஷயம். ஐந்து பேருக்கு ஆறு பேர் படுக்கும் வண்டியே எடுங்கள். சிறிய வண்டியில் சாப்பாட்டு மேசைதான் இரவில் கட்டிலாகும். எல்லோரும் சாப்பிட்டு, பேசி, எழுந்த பிறகுதான் பெரியவர் படுக்க முடியும். எட்டரைக்கே தூங்கிப் பழகியவருக்கு இது தினசரிச் சித்திரவதை. பெரிய வண்டியில் பின்புறப் படுக்கையை அவருக்கென்று விரித்தபடியே வைத்திருக்கலாம். ஓட்டுநர் தலைக்கு மேலுள்ள பரண் பிள்ளைகளுக்கு. வேனை நிறுத்தித் தங்கும் விடுமுறைப் பூங்காக்களில் தனி அறைகளும் வாடகைக்குக் கிடைக்கும். வானாகாவிலும் டே அனாவிலும் மாமியாருக்கு ஒன்று எடுத்துவிட்டால் அந்த நான்கு இரவும் அவர் கால் நீட்டித் தூங்குவார். பணத்தை வேறெங்காவது குறையுங்கள், இதில் குறைக்காதீர்கள்.

மகனுக்கு 5 வயது என்பதால் குழந்தை இருக்கை கட்டாயம். ஏழு வயது நிறையும் வரை அங்கே சட்டம் அதுதான். கேம்பர் வேனின் எல்லா இருக்கைகளிலும் அதைப் பொருத்த முடியாது. எந்த இருக்கையில் பொருந்தும் என்று முன்பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூடவே இன்னும் இரண்டு கேள்விகள்: விபத்து நேர்ந்தால் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு, கண்ணாடியும் டயரும் காப்பீட்டில் அடங்குமா? டீசல் வண்டி என்றால் இன்னொரு செலவும் உண்டு. அங்கே டீசல் விலையில் சாலை வரி சேராது; ஓடிய கிலோமீட்டருக்குத் தனியாக வசூலிப்பார்கள்.

ஓட்டுவது நம்மைப் போலவே இடப்பக்கம். ஆங்கிலத்தில் அச்சான நம் உரிமம் செல்லும். நமக்குப் புதிதாக இருப்பது ஒற்றைவழிப் பாலங்கள். பலகையில் உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவருக்கு வழிவிட்டு நிற்க வேண்டும். பின்னால் நான்கு வண்டிகள் சேர்ந்துவிட்டால் அகன்ற இடம் பார்த்து ஒதுங்கிக் கொடுங்கள், அந்த ஊர் மரியாதை அது.

ஏரிக்கரை எங்கும் இலவசமாகத் தங்கலாம் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். 2023இல் வந்த சட்டப்படி, பொது இடத்தில் தங்கப் பெரும்பாலும் நிலையான கழிப்பறை பொருத்திய, சான்று பெற்ற வண்டி தேவை. அனுமதி இல்லாத இடத்தில் தங்கினால் அபராதம். பிள்ளைகளோடு போகும்போது மின் இணைப்புள்ள இடங்களையே பதிவு செய்யுங்கள். வெந்நீர்க் குளியல், துணி துவைக்கும் இயந்திரம், சமையலறை எல்லாம் அங்கே உண்டு. வேனுக்குள் ரைஸ் குக்கர் ஓடுவதும் மின் இணைப்பு இருந்தால்தான். கழிவுத் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதற்கென உள்ள இடத்தில் காலி செய்யுங்கள். கையுறை போட்டுக்கொண்டால் ஐந்து நிமிட வேலை. நிரம்பும் வரை விட்டால் தூக்கவே கனக்கும்.

மசாலாப் பொடி, ஊறுகாய், பிள்ளைகளின் முறுக்கு உட்பட எந்த உணவு எடுத்துப் போனாலும் விமான நிலையப் படிவத்தில் ஒன்று விடாமல் குறிப்பிடுங்கள். சொல்லிவிட்டால் அதிகபட்சம் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மறைத்தது பையில் கிடைத்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். கறிவேப்பிலை, பழம், தேன் எடுக்கவே வேண்டாம். கிறைஸ்ட்சர்ச்சில் இந்திய மளிகைக் கடைகள் இருக்கின்றன.

ஏப்ரலில் அவர்கள் பள்ளிகளுக்கும் விடுமுறை வரும். 25ஆம் தேதி போர் நினைவு நாள், கடைகள் மதியம் ஒரு மணிக்கு மேல்தான் திறக்கும். டெகாப்போ, டே அனாவ் இடங்களை முதலில் பதிவு செய்யுங்கள், அவைதான் சீக்கிரம் நிரம்பும். விசாவுக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அது கைக்கு வரும் வரை, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விதத்திலேயே வேனைப் பதிவு செய்து வையுங்கள்.