நைலா, அமேசானா? குவிஸ் ஆடுபவர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வாராவாரம் குவிஸ் லீக்கில் ஆடுகிறவர்களும் அவர்களுக்குக் கேள்வி தயாரிக்கிறவர்களும் எழுதியவை. நானும் பல வருடமாகக் கேள்வி எழுதுகிறவன் என்பதால் ஆசையோடு உட்கார்ந்து பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: ‘உலகின் மிக நீளமான நதி எது?’ என்று கேட்டார்கள். நாங்கள் அமேசான் என்று எழுதினோம். நைல்தான் சரி என்று பாயின்ட் தர மறுத்துவிட்டார்கள். ஒரு பாயின்ட்டில் தோற்றோம். நியாயமா?

பாயின்ட் போனதற்காக உங்களோடு சேர்ந்து நானும் வருத்தப்படுகிறேன். ஆனால் கேள்வி கேட்டவரும் ஏமாற்றவில்லை. பெரும்பாலான புத்தகங்கள் நைல் ஏறத்தாழ 6,650 கிலோமீட்டர், அமேசான் ஏறத்தாழ 6,400 என்றுதான் சொல்கின்றன. சிக்கல் எங்கே என்றால், நதியை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதில் ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. நைலுக்கு விக்டோரியா ஏரியை ஆரம்பமாக வைப்பதா, அந்த ஏரிக்குள் வந்து விழுகிற காகேரா ஆற்றின் ஊற்று வரை போவதா? அமேசானுக்குப் பெரு நாட்டு மலைகளில் எந்த ஓடையைத் தலை ஓடை என்று எடுத்துக்கொள்வது? கடலில் சேருகிற இடத்திலும் இதே கதைதான், நடுவில் மராஜோ என்ற மிகப் பெரிய தீவு கிடக்கிறது, அதற்குத் தெற்கே ஓடும் நீரையும் அமேசானில் சேர்த்தால் நீளம் கூடிவிடும். 2007ல் பிரேசில் ஆய்வாளர்கள் அமேசான்தான் நீளம் என்று அறிவித்தார்கள், எல்லோரும் அதை ஏற்கவில்லை.

அதனால் இந்தக் கேள்வியையே கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ‘கடலில் மிக அதிகமாக நீரைக் கொண்டு சேர்க்கும் நதி எது?’ என்று கேளுங்கள். அமேசான், சண்டையே வராது. உலகத்து நதிகள் எல்லாம் கடலில் கொட்டும் நீரில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அது ஒன்றே கொட்டுகிறது.

‘மிக’ என்று ஆரம்பிக்கிற எந்தக் கேள்விக்கும் இது பொருந்தும். மிகப் பெரிய பாலைவனம் என்றால் எல்லோரும் சஹாரா என்பார்கள், ஆனால் பாலைவனம் என்பது மழை மிகக் குறைந்த நிலம், வெயில் கொளுத்த வேண்டும் என்பதில்லை, ஆகவே அண்டார்டிகாதான் பெரியது, சுமார் 1.4 கோடி சதுர கிலோமீட்டர். சஹாரா 90 லட்சத்துச் சொச்சம். ‘மிகப் பெரிய வெப்பப் பாலைவனம்’ என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் போதும். மலைக்கும் அப்படியே: கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,848.86 மீட்டர். அடிவாரத்திலிருந்து அளந்தால் ஹவாயில் இருக்கும் மௌனா கியா, அதன் பெரும்பகுதி கடலுக்குள் இருக்கிறது, மொத்தம் 10,000 மீட்டருக்கு மேல். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போரசோ, ஏனென்றால் பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருக்கிறது, துருவத்தைவிட நிலநடுக்கோட்டில் ஆரம் 21 கிலோமீட்டர் அதிகம். மூன்று மலையும் சரியான விடைதான். எதிலிருந்து அளப்பது என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியுமா?

தெரியாது. சுவரின் அகலம் சில மீட்டர், நிலவு சராசரியாக 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. 2003ல் விண்வெளிக்குப் போன முதல் சீனர் யாங் லிவே, பூமிக்குப் பக்கத்திலேயே சுற்றி வந்தவர், அவரே தன் கண்ணுக்குச் சுவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டார்.

கேள்வி: விடை தவறு என்று நீங்களே தீர்ப்பு சொல்லி, பிறகு அது சரி என்று தெரிந்த அனுபவம் உண்டா?

உண்டு, இன்னும் மறக்கவில்லை. ‘அறை வெப்பநிலையில் திரவமாக இருக்கும் தனிமம் எது?’ என்று கேட்டேன். பாதரசம் என்ற விடையை மனதில் வைத்திருந்தேன். ஓர் அணி புரோமின் என்று எழுதியிருந்தது, சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டுத் தள்ளிவிட்டேன். முடிவு அறிவித்த பிறகு அந்த அணியிலிருந்து ஒரு பெண் வந்தாள், பள்ளிக்கூடப் பிள்ளைதான், விடைத்தாளை மேசையில் வைத்து விரலால் அந்த வரியைத் தொட்டுக் காட்டி, “சார், நீங்க உலோகம்னு கேட்கவே இல்லையே” என்றாள். என் அட்டையை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சொல் இல்லை. எழுதும்போது மனதில் இருந்தது, கையில் வரவில்லை. பாதரசமும் புரோமினும் இரண்டுமே அறை வெப்பத்தில் திரவம்தான், அவள் எழுதியது முழுக்கச் சரி. அங்கேயே மைக்கில் சொல்லி பாயின்ட்டைத் திருத்தினேன். அதிலிருந்து எந்தக் கேள்வியை எழுதினாலும், விடையை மூடி வைத்துவிட்டு, இதற்கு வேறு என்ன பதில் சொல்லலாம் என்று எனக்கு நானே எதிர்த்தரப்பாக நின்று பார்க்கிறேன். உலோகம் என்று சேர்த்தால்கூட ஒரு எச்சரிக்கை உண்டு, காலியம் 29.76 டிகிரியில் உருகிவிடும், உள்ளங்கையில் வைத்தாலே போதும். ‘25 டிகிரியில்’ என்று எண்ணையும் சேர்த்துச் சொல்வது நல்லது.

கேள்வி: வீட்டில் பழைய பொது அறிவுப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றை வைத்துப் பயிற்சி எடுக்கலாமா?

வரலாற்றுக்கும் இலக்கியத்துக்கும் தாராளமாக. மற்றவற்றில் கவனம். அதிக நிலவுகள் கொண்ட கோள் எது என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 பிப்ரவரியில் வியாழன் 92 நிலவுகளோடு முன்னால் வந்தது, அதே வருடம் மே மாதம் சனி 140க்கு மேல் போய் அதைத் தாண்டியது, 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 புதிய நிலவுகள் சேர்ந்து சனிக்கு 274 ஆகிவிட்டது. பழைய புத்தகத்தில் இருக்கும் எண்ணைச் சொன்னால் நிச்சயம் தவறாகிவிடும். புளூட்டோ 2006ல் கோள் பட்டியலிலிருந்து போனது எல்லோருக்கும் தெரியும். கஜகஸ்தானின் தலைநகரம்தான் ஆட்களை மாட்டிவிடும்: அஸ்தானா என்றிருந்தது 2019ல் நூர்சுல்தான் ஆனது, 2022ல் மறுபடி அஸ்தானா. சுவாசிலாந்து 2018லிருந்து எஸ்வாதினி. மாசிடோனியா 2019லிருந்து வட மாசிடோனியா. தெற்கு சூடான் சேர்ந்த 2011லிருந்து ஐ.நா. உறுப்பு நாடுகள் 193.

அப்புறம் ஒன்று, தனிம அட்டவணையில் வராத ஆங்கில எழுத்து ஜே மட்டும்தான் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 114ஆம் தனிமத்துக்கு முன்பு ஒரு தற்காலிகப் பெயர் இருந்தது, அதில் கியூ வந்தது. 2012ல் அதற்கு பிளெரோவியம் என்று நிரந்தரப் பெயர் வைத்ததும் கியூவும் வெளியே போய்விட்டது. இன்றைய விடை இரண்டு எழுத்துகள்.

கேள்வி: தனிமங்களின் குறியீடுகள் எவ்வளவு படித்தாலும் மறந்துவிடுகின்றன. வழி இருக்கிறதா?

குறியீட்டை மட்டும் உருப்போட்டால் மறக்கத்தான் செய்யும். அதன் பின்னால் இருக்கும் கதையைப் பிடியுங்கள். ஈயத்துக்கு ஏன் பி-பி? லத்தீனில் அதன் பெயர் பிளம்பம். ரோமானியர்கள் தண்ணீர்க் குழாயை ஈயத்தில் செய்தார்கள், அதிலிருந்துதான் குழாய் வேலை செய்கிறவருக்கு பிளம்பர் என்ற பெயர் வந்தது. வெள்ளி அர்ஜென்டம், வெள்ளியைத் தேடிப் போனவர்களால் அர்ஜென்டினா என்று ஒரு நாட்டுக்கே பெயர் ஆனது. டங்ஸ்டனுக்கு டபிள்யூ, காரணம் அதன் இன்னொரு பெயர் வொல்ஃப்ராம். பாதரசத்தின் ஹெச்-ஜி ‘நீர் வெள்ளி’ என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ஓடுகிற வெள்ளி மாதிரி அது இருப்பதை நினைத்துப் பார்த்தால் பிறகு மறக்கவே மறக்காது.

கேள்வி: ஆம்ஸ்ட்ராங் நிலவில் கால் வைத்த நாள் ஜூலை 20 என்று எழுதினோம். எதிர் அணி 21 என்றது. இரண்டுக்கும் பாயின்ட் கொடுத்தார்கள். சரியா?

மிகச் சரி, அந்த நடுவரைப் பாராட்டுங்கள். 1969ல் அவர் ஏணியிலிருந்து கால் வைத்தபோது அமெரிக்காவில் 20ஆம் தேதி இரவு, சர்வதேச நேரப்படி 21ஆம் தேதி அதிகாலை 2 மணி 56 நிமிடம். ‘அமெரிக்க நேரப்படி’ என்று சொல்லாமல் கேட்டால் இரண்டையும் ஏற்கத்தான் வேண்டும்.

தேதிக் கேள்விகளில் நாட்காட்டியும் விளையாடும். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நாம் இப்போது வைத்திருக்கும் நாட்காட்டிப்படி 1917 நவம்பர் 7. ஷேக்ஸ்பியரும் செர்வாண்டஸும் 1616 ஏப்ரல் 23 அன்று ஒரே நாளில் இறந்தார்கள் என்று ஆசையாகச் சொல்வார்கள். அன்று இங்கிலாந்தில் ஒரு நாட்காட்டி, ஸ்பெயினில் இன்னொன்று, இடையில் பத்து நாள். போதாததற்கு செர்வாண்டஸ் இறந்தது 22, அடக்கம் நடந்ததுதான் 23 என்பது பல அறிஞர்களின் கருத்து.

கேள்வி: சமநிலை வந்தால் டை-பிரேக்கருக்கு எந்த மாதிரிக் கேள்வி நல்லது?

யாருக்கும் சரியாகத் தெரியாத, ஆனால் யோசித்து ஊகிக்க முடிகிற ஓர் எண். அது மாறாத எண்ணாகவும் இருக்க வேண்டும், மக்கள்தொகை மாதிரி நாளுக்கு நாள் மாறுவது வேண்டாம். எனக்குப் பிடித்தது: அப்போலோ 11 நிலவிலிருந்து எத்தனை கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தது? சுமார் 21.5. ஒரு டன் என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன், அரை கிலோ என்று எழுதியவர்களையும் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் உழைத்துத் தயாரித்த கேள்விகளை வேறொரு லீக்கில் அப்படியே எடுத்துக் கேட்கிறார்கள். தடுக்க முடியாதா?

உங்கள் கோபம் புரிகிறது. அமெரிக்காவில் பிரெட் வொர்த் என்பவருக்கும் இதே கவலை இருந்தது. அவர் பொது அறிவுக் களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர். யாராவது திருடினால் பிடிக்க வேண்டும் என்று, கொலம்போ என்ற டிவி தொடரின் துப்பறியும் அதிகாரியின் முதல் பெயர் பிலிப் என்று வேண்டுமென்றே ஒரு பொய்யைப் புத்தகத்தில் போட்டு வைத்தார். தொடரில் அந்தப் பெயரை யாருமே சொன்னதில்லை. பிறகு டிரிவியல் பர்சூட் என்ற பலகை விளையாட்டு பெரிய வெற்றி பெற்றது, அதன் அட்டை ஒன்றில் கொலம்போவின் முதல் பெயர் பிலிப் என்று அச்சாகியிருந்தது! வொர்த் 1984ல் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். விளையாட்டைச் செய்தவர்கள் அவருடைய புத்தகத்தையும் பயன்படுத்தியதை மறுக்கவில்லை, பல நூல்களைப் பார்த்தோம், அதில் இதுவும் ஒன்று என்றார்கள். தகவலுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது, 1987ல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு.

ஆகவே நைலின் நீளத்தை உங்களுடையது என்று சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் கேள்வியை எழுதிய வாசகம் உங்களுடையது. அதை வார்த்தை மாறாமல் வாசிக்கிறார்கள் என்றால் அந்த லீக்கை நடத்துகிறவரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், பெரும்பாலும் கேட்டுக்கொள்வார்கள். பொய்யான விடையைப் பொறியாக மட்டும் வைக்காதீர்கள், அதை நம்பி எழுதுகிற ஏதோ ஓர் அணி பாயின்ட் இழக்கும். சரி, கொலம்போவின் முதல் பெயர் என்ன என்று யாராவது கேட்டால் பிராங்க் என்று எழுதுங்கள். தொடரின் ஒரு காட்சியில் அவர் நீட்டுகிற அடையாள அட்டையில் அப்படித்தான் இருக்கிறது.