எல் நினோ வந்தா புயல் வருமா, அண்ணாச்சி?

நெடுநாளாக வானிலையைக் கவனித்துவரும் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியரிடம் நம் பக்கத்து ஆட்கள் கேட்டவை.

கல்லிடைக்குறிச்சி விவசாயி: எல் நினோன்னா மழை இருக்காதும்பாங்க. பொறவு 2023-ல ஆத்துல அம்புட்டு வெள்ளம் எப்படி அண்ணாச்சி?

மழை குறையும் என்பது தென்மேற்குப் பருவத்துக்கு. பசிபிக் கடலின் நடுவும் கிழக்கும் சூடேறுவதுதான் எல் நினோ; அப்போது நம் ஐப்பசி, கார்த்திகை மழை பெரும்பாலும் கூடவே செய்யும், 2015-லும் அப்படித்தான். 2023-ல் இந்தியப் பெருங்கடலும் ஆப்பிரிக்கப் பக்கம் சூடாக, சுமத்ரா பக்கம் குளிர்ந்து கிடந்தது. அந்த டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியதே, அது புயலே இல்லை. குமரிக்கடல் மேல் நின்ற வளிமண்டலச் சுழற்சி. பெயர்கூடக் கிடையாது. "புயல் இல்லைல்லா" என்று யாரும் ஆற்றங்கரையில் இருந்துவிடாதீர்கள். இதை எத்தனை தடவையும் சொல்வேன்.

உவரி மீனவர்: அப்போ லா நினா வருசம் கடலுக்குப் பயமில்லையா?

அப்படி நினைக்காதீங்க தம்பி. அதே பசிபிக் பகுதி குளிர்ந்து கிடக்கும் லா நினா ஆண்டுகளின் அக்டோபர்–டிசம்பரில் வங்கக்கடலில் கடும்புயலுக்கு வாய்ப்பு கூடுதல். பல வடக்கே போய்விடும், எல்லாம் போகாது. ஒக்கிப் புயல் வந்த 2017 கடைசியில் லா நினாதான். நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலம். மறுநாள் காலை குமரிக்கடலில் புயல். ஒரே நாள்! அதற்குள் எத்தனையோ பேர் ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை. தாழ்வு மண்டலம் என்ற சொல் காதில் விழுந்ததுமே வலையைச் சுருட்டுங்கள்.

பாளையங்கோட்டை மாணவி: எல் நினோ மாசக்கணக்கா முன்னாடியே தெரியுதே சார், புயல் தேதி ஏன் தெரியல?

எல் நினோ தொழி அடித்து, உழுது சேறாக்கி வைத்த வயல் மாதிரி, அம்மா; புயலுக்கு விதை வேறு. 26.5 பாகைக்கு மேல் சூடான கடலும், ஏற்கெனவே சுழலும் காற்றும் வேண்டும். மேடன்–ஜூலியன் அலைவு என்று ஒரு மேகத்திரள் 30 முதல் 60 நாளில் உலகைக் கிழக்காகச் சுற்றும்; 1971-இல் கண்டறிந்தார்கள். அது இந்தியப் பெருங்கடல் மேல் வரும்போது தாழ்வுப் பகுதிகள் வலுக்கும். அதை இரண்டு, மூன்று வாரம் முன்னே ஓரளவு கணிக்கலாம். தேதி சொல்ல அது போதாது.

இடிந்தகரை பெரியவர்: கச்சான் அடிக்கையில புயல் வராதும்பாங்களே?

பெரும்பாலும் சரிதான் ஐயா. ஆனி, ஆடியில் கடலையொட்டி கச்சான் என்கிற மேற்குக் காற்று, உயரத்தில் கிழக்குக் காற்று. எழும்பும் மேகத்தை இரண்டும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துச் சாய்த்துவிடும். கச்சான் ஓய்ந்து ஐப்பசி பிறந்தால் அந்தக் காவல் இல்லை.