கடையில் வரும் கணக்கு நோட்டில் ஏன் வரவில்லை?

கேள்வி: என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். கடலூர் முதுநகரில் தாத்தாவின் பெட்டிக்கடையில் உட்கார்ந்தால் மீதிச் சில்லறை சரியாகக் கொடுக்கிறான். ஆனால் நோட்டில் 402-இல் 178-ஐக் கழிக்கச் சொன்னால் 376 என்று எழுதுகிறான். பள்ளிக்கு வந்து பேசிய அபாகஸ் (மணிச்சட்டம்) வகுப்புக்காரர், எட்டு லெவலுக்கும் மொத்தமாகக் கட்டினால் சலுகை என்றார். முன்பணம் 2,000 ரூபாய் கொடுத்துவிட்டேன். மீதியையும் கட்டிச் சேர்க்கலாமா?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. உங்கள் பையனுக்கு இருக்கும் சிக்கல் வேறு, அவர் விற்கும் சரக்கு வேறு.

376 எப்படி வந்தது என்று பாருங்கள். 8-இல் 2 போனால் 6. 7-இல் 0 போனால் 7. 4-இல் 1 போனால் 3. மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்று பார்க்காமல், எல்லா இடத்திலும் பெரியதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறான். இது கவனக்குறைவு இல்லை. 'சின்னதிலிருந்து பெரியது போகாது' என்று சொல்லிக் கொடுத்ததை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறான். போகாவிட்டால் 'பக்கத்து வீட்டில் கடன் வாங்கு' என்பார்கள். 402-இல் பக்கத்து வீட்டில் இருப்பதே பூஜ்யம்! அங்கே போய் என்ன கேட்பான்?

முதலில் ஒரு சோதனை. 'நானூற்று இரண்டு' என்று வாயால் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 4002 என்றோ 42 என்றோ எழுதினால் கழித்தலை ஓரமாக வைத்துவிட்டு இடமதிப்பிலிருந்து தொடங்குங்கள்.

402 என்றே எழுதினால் காகிதத்தில் 100, 10, 1 என்று எழுதி ரூபாய் நோட்டு போல வெட்டிக்கொள்ளுங்கள். அவன் கையில் நான்கு நூறும் இரண்டு ஒன்றும் கொடுத்து, 178 ரூபாய் கேளுங்கள். சில்லறை இல்லை என்பான். ஒரு நூறை மாற்றிப் பத்து பத்துகளாகக் கொடுங்கள். அதில் ஒரு பத்தை மாற்றிப் பத்து ஒன்றுகளாகக் கொடுங்கள். இப்போது அவனிடம் மூன்று நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. இனி 178 எடுப்பது சுலபம், மீதி 224. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கணக்கு நோட்டில் அந்த எண்ணை அடித்துப் புது எண்ணை எழுத வையுங்கள். இதை விட்டுவிடக் கூடாது. பூஜ்யத்தின் தலையில் 9 எங்கிருந்து வந்தது என்று பெரியவர்கள் பலருக்கே சொல்லத் தெரியாது, அவன் கண்ணால் பார்த்துவிடுவான்.

கடையில் அவன் செய்வது அநேகமாக வேறு வழி. 178-லிருந்து 180-க்கு 2, அங்கிருந்து 200-க்கு 20, அப்புறம் 402 வரை 202, ஆக 224. இதுவும் சரியான கணிதம்தான். நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வில், கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் மனக்கணக்காக வியாபாரத்தை முடிக்கிறார்கள், அதே அளவுக் கணக்கைப் பாடப்புத்தக வடிவில் கொடுத்தால் திணறுகிறார்கள். இரண்டையும் இணைத்துக் கொடுக்க வேண்டியது பள்ளி. ஆனால் 'போர்ஷன்' முடிக்கத்தான் அங்கே நேரம் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறது. நல்ல யோசனை. ஆசிரியரை எந்நேரமும் செயலியில் விவரம் பதிவேற்றிக்கொண்டே இருக்க வைத்தால் அதைச் செய்வது யார்?

சரி, அபாகஸ். ஒவ்வொரு கம்பியிலும் குறுக்குச் சட்டத்துக்கு மேலே ஐந்துக்கு ஒரு மணி, கீழே ஒன்றுக்கு நான்கு மணி. கூட்டல் கழித்தலில் வேகம் வரும். வேகமாகத் தப்புப் போடுவதில் என்ன லாபம்? 'எட்டு வயதுக்குள் சேர்க்காவிட்டால் மூளை திறக்காது' என்பவரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள். போட்டிக்குப் போன எல்லாப் பிள்ளைக்கும் கோப்பை கொடுத்தால் அது போட்டி இல்லை, அந்தக் கோப்பை உங்கள் காசு. தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசிப் பள்ளி வாசலைத் திறந்துவிடும் இடங்களும் உண்டு. வகுப்பு ஆசிரியரே 'மாலையில் என் ட்யூஷனுக்கு அனுப்புங்கள்' என்றாலும் தலையாட்டாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28 அதைத் தடை செய்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில பிள்ளைகளுக்குக் கணக்கு தெரியும், கண் தெரியாது. கரும்பலகையில் இருக்கும் 402 இவர்கள் நோட்டில் 462 ஆகியிருக்கும். அல்லது ஒன்றுகளின் கீழே பத்துகளை எழுதியிருப்பார்கள். அதனால் விடையை மட்டும் பார்க்காமல், கேள்வியைச் சரியாக எழுதியிருக்கிறானா என்று பழைய நோட்டைப் புரட்டுங்கள். கட்டம் போட்ட நோட்டில், கட்டத்துக்கு ஒரு இலக்கமாக எழுத வையுங்கள். வாயால் சொன்னால் சரியாகவும் பலகையைப் பார்த்து எழுதினால் தப்பாகவும் வந்தால் உடனே கண்ணைக் காட்டுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனை போதும். இல்லையென்றால் புதுச்சேரி பஸ்ஸில் ஏறித் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் இறங்குங்கள். கண்ணாடி போட்டதும் 'கணக்கு வராத பிள்ளை' என்ற பெயர் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். வரிசையும் கேள்வியும் சரியாக இருந்து விடை மட்டும் தப்பென்றால் மேலே சொன்ன காகித ரூபாய் வேலைதான் மருந்து.

கொடுத்த 2,000 ரூபாயை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள், வாட்ஸ்அப் என்றாலும் சரி. மழுப்பினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். ரசீது தரவில்லை என்றால் ஜிபே பதிவை அழிக்காமல் வைத்திருங்கள்.