சங்குப்பூ நீலமும் சோப்பில் எழும் மலையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: சங்குப்பூ ஊறிய நீரில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து, சூடேற்றாத முறையில் சோப்பு செய்தேன். நீலம் வரவில்லை, பழுப்புதான் வந்தது. பூ போதவில்லையா? (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பூவைக் கூட்டினாலும் இதேதான் நடக்கும். சங்குப்பூ, செம்பருத்தி, ரோஜா மூன்றிலும் இருப்பது ஆந்தோசயனின் என்ற நிறமி. காஸ்டிக் சோடா போன்ற கடும் காரத்தில் அது பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் சிதைந்து பழுப்பாகிவிடும். பூவின் நிறத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். காரத்தில் என்னவாகும் என்று பாருங்கள்.

வேம்பாளம்பட்டை எண்ணெயில் சிவப்பாக இறங்கும், சோப்பில் ஊதாவாகும். மஞ்சிட்டி இளஞ்சிவப்பு தரும். நீலத்துக்கு அவுரிதான். ஆனால் தலைமுடிக்கு விற்கும் அவுரி இலைப்பொடி உதவாது. இலையை ஊறவைத்துப் பிரித்தெடுத்த நீலச் சாயம் வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்றும் தயாராகிறது. 1 கிலோ எண்ணெய்க்கு அரை டீஸ்பூனில் தொடங்குங்கள். அளவு மீறினால் நுரையும் நீலமாகித் துண்டில் கறை பிடிக்கும். மஞ்சள்தூள் கலந்ததும் செங்கல் நிறம் காட்டும். பயப்பட வேண்டாம், நாள் போகப் போகக் காவி கலந்த மஞ்சளாக அடங்கும். இலைப்பொடிகளின் பச்சை வெளிச்சம் பட்டால் நிலைக்காது.

கேள்வி: அடுக்கடுக்கான மலைத்தொடர் போல சோப்பு செய்ய ஆசை. அடுக்குகள் ஒன்றுக்குள் ஒன்று இறங்கிவிடுகின்றன. (வாசகர், கோத்தகிரி)

பதில்: கலவை நீர்க்க இருக்கும்போதே அடுத்த அடுக்கை ஊற்றுகிறீர்கள். நிதானமாகக் கெட்டியாகும் அளவு இது: தேங்காயெண்ணெய் 400 கிராம், ஆலிவ் 500, விளக்கெண்ணெய் 100, காஸ்டிக் சோடா 145, தண்ணீர் 290. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் சோடாவைச் சேர்க்க வேண்டும், ஒருபோதும் மாற்றிச் செய்யாதீர்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காரம் அதை அரித்துவிடும்.

எண்ணெய்க் கலவையும் சோடாக் கரைசலும் 40 டிகிரிக்கு ஆறியதும் ஒன்றாகச் சேர்த்து, எண்ணெய் பிரியாமல் கலக்கும்வரை மட்டும் கடைந்து, நான்காகப் பிரியுங்கள். தூரத்து மலை வெளிறித்தானே தெரியும்? அதனால் ஒரே சாயம் போதும். அடி அடுக்குக்குக் கரித்தூள் 1 டீஸ்பூன், அடுத்ததற்குக் கால், மூன்றாவதற்கு ஒரு சிட்டிகை. வானத்துக்கு ஒன்றும் வேண்டாம். தூளை முதலில் சிறிது எண்ணெயில் குழைத்துக்கொண்டால் புள்ளி விழாது.

ஒவ்வொரு பங்கையும் ஊற்றும் நேரத்தில்தான் கெட்டியாக்க வேண்டும். கரண்டியால் இழுத்த கோடு மறையாமல் நின்றால் பதம் சரி. கரண்டியின் பின்புறத்தால் முகடுகளை வளைத்துவிட்டு, அடுத்த அடுக்கை ஒரு தட்டைக்கரண்டியின் மேல் விழவிட்டு மெதுவாக வழியவிடுங்கள். நேராக ஊற்றினால் முகடு உடையும். முந்தைய அடுக்கு முழுதும் இறுகிய பிறகு ஊற்றினாலோ ஒட்டாது. வெட்டும்போது பிரிந்து வந்துவிடும். கிராம்பு, பட்டை எண்ணெய்களை இதில் தவிர்த்துவிடுங்கள். கலவையைச் சட்டென்று இறுக்கி, முகடு செய்ய நேரமே தராது.

கேள்வி: மேலே தூவிய ரோஜா இதழ் கறுத்து, வெள்ளைப் பூச்சும் படிகிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ரோஜா கறுக்கவே செய்யும், நிறம் மாறாதது கலெண்டுலா என்ற மஞ்சள் பூவின் காய்ந்த இதழ். வெள்ளைப் பூச்சு, மீந்த காரம் காற்றின் கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாகும் சோடியம் கார்பனேட். அச்சை ஒரு நாள் மூடி வையுங்கள். படிந்ததை ஈரத்துணியால் துடைத்துவிடலாம். வெட்டியபின் நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட உலரட்டும்.