சாங்ஷன்: அனுமதியா, தடையா?

மொழிபெயர்க்கும் அறிக்கையில் ஓரிடத்தில் ‘அரசு திட்டத்தை சாங்ஷன் செய்தது’ என்றும், அடுத்த பக்கத்தில் ‘அந்த நிறுவனத்தை சாங்ஷன் செய்தது’ என்றும் வருகிறது, இரண்டுக்கும் ‘தடை’ போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். முதலாவது ஒப்புதல், இரண்டாவதுதான் தடை.

குழப்பம் உங்கள் தவறில்லை, ‘சாங்ஷன்’ (sanction) என்ற ஆங்கிலச் சொல்லே அப்படி. அதன் வேர் லத்தீனில் ‘சான்கிரே’: ஒன்றைப் புனிதமாக்கி, மீறக்கூடாததாக நிலைநிறுத்துவது. புனிதரைக் குறிக்கும் ‘செயின்ட்’டும் இதே வேர்தான். சட்டத்தை அப்படி நிலைநிறுத்தினால் கூடவே இன்னொன்றும் வந்துவிடுகிறது: மீறினால் என்ன தண்டனை? நிலைநிறுத்தும் பக்கத்திலிருந்து ‘அங்கீகாரம்’ கிளைத்தது. மீறினால் வரும் பக்கத்திலிருந்து ‘தண்டனை’ கிளைத்தது. எனக்கு மிகவும் பிடித்த சொல்வரலாறு இது. ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று நாம் சொல்வது முதல் கிளை.

நாடுகள் மீதான பொருளாதாரத் தடை என்ற பொருள் முதல் உலகப் போருக்குப் பிறகு பரவியது. எத்தியோப்பியா மீது படையெடுத்த இத்தாலி மீது 1935-ல் சர்வதேச சங்கம் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த நாடுகளின் அமைப்பு) விதித்தது பேர்போன உதாரணம்.

சரி, எப்படிப் பிரிப்பது? செயப்படுபொருளைப் பாருங்கள். திட்டம், செலவு, கடன், பதவி என்றால் பெரும்பாலும் ஒப்புதல். நாடு, நிறுவனம், ஆள் என்றால் பெரும்பாலும் தடை. பன்மையில் ‘சாங்ஷன்ஸ்’ என்று வந்தால் அநேகமாகத் தடைதான். அப்புறம், உங்கள் முதல் வாக்கியத்துக்கு ‘ஒப்புதல் அளித்தது’ போதும். பணம் ஒதுக்கியதைப் பற்றிய இடமானால் ‘நிதி ஒப்பளிப்பு’ என்று எழுதுங்கள்.