முதலில் காற்று, அப்புறம்தான் கேஸ்: ஏசி ஃபில்டர் கேள்வி பதில்

இருபது வருடமாக ஏசி பழுது பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஃபில்டர், காற்றோட்டம் இரண்டைப் பற்றி மட்டும் கேளுங்கள். எந்த கம்பெனி வாங்கலாம் என்று கேட்க வேண்டாம்; கேட்பீர்கள் என்றும் தெரியும். யூனிட்டைத் திறக்கும் முன் ரிமோட்டில் அணைத்தால் போதாது, எம்சிபியை, அதாவது ஏசிக்குக் கரண்ட் போகும் வழியில் உள்ள பாதுகாப்பு சுவிட்சை, இறக்குங்கள். இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதுக்குடித்தனம்: ஸ்ப்ளிட் ஏசி ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவ வேண்டும்?

தினமும் ஓடுகிற ஏசி என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். வலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மறுபக்கம் மங்கலாகத் தெரிந்தால் கழுவும் நேரம் வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரைத் தூசி படியாத பக்கத்திலிருந்து விடுங்கள். தூசிப் பக்கமே பீய்ச்சினால் அது கண்ணிக்குள் இறுகிவிடும். 40 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீர் வேண்டாம். வெயிலில் காயப்போடவும் வேண்டாம், சட்டம் வளையும். வளைந்த ஓரத்து இடுக்கு வழியாகத் தூசி நேராக உள்ளே போகும். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.

மூன்றாம் மாடி: ஃபில்டர் பளிச்சென்று இருக்கிறது சார், ஆனால் காற்று மெதுவாகத்தான் வருகிறது. வந்து பார்த்த மெக்கானிக் கேஸ் குறைவு, ஏற்ற வேண்டும் என்கிறார். ஏற்றலாமா?

பொறுங்கள். காற்று குறைவு வேறு, குளிர்ச்சி குறைவு வேறு. காற்றைத் தள்ளுவது ஒரு மோட்டாரும் ஒரு ப்ளோயரும். கேஸ் என்பது மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றும் சமாசாரம். கேஸ் குறைந்தால் காற்று குளிராமல் வரும். அதன் வேகம் ஏன் குறையப்போகிறது? ஒரே ஒரு விதிவிலக்கு, காயிலில், அதாவது உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளில், ஐஸ் கட்டி வழி அடைபட்டால். உங்கள் காயிலில் ஐஸ் இருந்ததா என்று அவர் பார்த்தாரா?

நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் பார்ப்பது ப்ளோயரை. காற்று வெளியே வரும் வாய்க்குள் நீளமாக ஓர் உருளை இருக்கும், அதன் மேல் வரிசையாகச் சின்னச் சின்ன வளைந்த தகடுகள். அந்த வளைவுதான் காற்றை அள்ளி எறிகிறது. ஃபில்டர் கண்ணியில் தப்பிய நுண்தூசி ஈரக் காற்றோடு வந்து அந்த வளைவுக்குள் அப்பிக்கொள்ளும். வருடக்கணக்கில் அப்பினால் குழி தூர்ந்து தகடு தட்டையாகிவிடும். மோட்டார் அதே வேகத்தில்தான் சுற்றும், ஆனால் அள்ளுவதற்குக் குழி இல்லை. ஒரு வீட்டில் இரண்டு முறை கேஸ் ஏற்றியும் சரியாகாமல் என்னைக் கூப்பிட்டார்கள். ப்ளோயரைக் கழற்றினால் தகடே தெரியவில்லை, கம்பளி சுற்றிய கட்டை மாதிரி இருந்தது. கழுவி மாட்டியதும் ஜன்னல் திரை ஆடியது.

நீங்களே பார்க்கலாம். எம்சிபியை இறக்குங்கள், காற்று வாயில் உள்ள மடலை (லூவர்) கையால் மெல்லத் திறந்து டார்ச் அடியுங்கள். தகடுகளின் ஓரம் கூராகத் தெரிந்தால் நல்லது, சாம்பல் நிறத்தில் மொத்தையாகத் தெரிந்தால் அதுதான் வியாதி. ப்ளோயர் சுத்தமாக இருந்தும் காற்று இல்லையென்றால் அடுத்தது மோட்டாரும் அதன் கெபாசிட்டரும். கெபாசிட்டர் பலவீனமானால் மோட்டார் சோம்பலாகச் சுற்றும். அதைத் தொடாதீர்கள், கரண்ட்டை அணைத்த பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேஸ் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கேஸ் வண்டிக்குப் போடும் எரிபொருள் இல்லை, ஓட ஓடத் தீர்வதற்கு. ஆர்-22, ஆர்-410ஏ, ஆர்-32, எதுவானாலும் போட்ட அளவு அப்படியே சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் ஏற்றுவது ஓட்டை வாளியில் தண்ணீர் நிரப்புவது. ஆர்-32 லேசாகத் தீப்பற்றும் தன்மை உள்ளது, கசியவிட்டு வேடிக்கை பார்க்கிற பொருளும் இல்லை.

அரைத்தூக்கம்: விடிகாலையில் இண்டோர் யூனிட்டிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூடியைத் திறந்தால் உள்ளே ஐஸ்!

எம்சிபியை இறக்கிவிட்டுத்தான் திறந்தீர்கள் என்று நம்புகிறேன். காயில் 0 டிகிரிக்கு மேலே இருக்கும்வரை காற்றின் ஈரம் அதில் தண்ணீராகப் படிந்து ட்ரெய்ன் பைப்பில் போய்விடும். அதற்குக் கீழே இறங்கினால் ஈரம் உறையும். ஐஸ் படிந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் காயில் இன்னும் குளிரும், இன்னும் ஐஸ். ராத்திரி முழுக்க இதே கதைதான். ஏசியை ஃபேன் மோடில் மட்டும் சில மணி நேரம் ஓட்டி முழுவதும் உருகவிடுங்கள். கத்தியால் கீறாதீர்கள், காயிலில் ஓட்டை விழுந்தால் கேஸ் மொத்தமும் போய்விடும். பிறகு ஃபில்டரையும் ப்ளோயரையும் பாருங்கள். இரண்டும் சுத்தமாக இருந்து, ஐஸ் காயிலின் ஒரு பகுதியில் மட்டும் கட்டியிருந்தால் அப்போது கேஸைச் சந்தேகப்படலாம்.

வெயில் எதிரி: ஃபில்டரையே எடுத்துவிட்டு ஓட்டுகிறேன். காற்று அள்ளுகிறது. ஏதாவது பிரச்சினையா?

கொஞ்ச நாள் அள்ளும். அப்புறம் தூசி ஈரக் காயிலில் சேறாக ஒட்டி, கழுவ மொத்த யூனிட்டையும் பிரிக்க வேண்டிவரும்.

தூசிப்பகைவன்: அண்ணா, நான் இதற்கு நேர் எதிர். ஃபில்டருக்கு மேலே நெருக்கமான நெசவுள்ள ஒரு துணியை வைத்திருக்கிறேன். பையனுக்குத் தூசி அலர்ஜி. பத்து நாளில் துணி கறுத்துவிடுகிறது, அப்படியென்றால் பிடிக்கிறதுதானே?

பிடிக்கிறது. தூசியோடு சேர்த்துக் காற்றையும் பிடிக்கிறது. ஏசியில் வரும் வலை உங்கள் நுரையீரலுக்காக வைத்ததில்லை தம்பி, காயிலுக்காக வைத்தது. நூல், முடி, பெரிய தூசியை அது நிறுத்தும். 2.5 மைக்ரான் துகள் அந்தக் கண்ணியில் ஜாலியாக நடந்து போகும். அதை நிறுத்தும் அளவுக்கு நெருக்கமாக ஒன்றை வைத்தால் அந்தச் சின்ன ப்ளோயருக்குத் தள்ளும் சக்தி கிடையாது. துணியை எடுத்துவிடுங்கள்.

அடுக்குமாடி: எங்களுடையது டக்ட் (காற்றுக் குழாய்) வைத்த ஏசி. மெர்வ் 13 ஃபில்டர் போடலாமா?

மெர்வ் என்பது ஃபில்டர் எவ்வளவு தூசி பிடிக்கும் என்பதற்கான தர எண். அது கூடக் கூட நுண்ணிய தூசி பிடிபடும், பொதுவாகக் காற்றுக்குத் தடையும் கூடும். உங்கள் ப்ளோயர் அந்தத் தடையைத் தாங்குமா என்பதுதான் கேள்வி. யூனிட்டின் கையேட்டில் உச்ச அளவு இருக்கும். இடம் இருந்தால் 1 அங்குல ஃபில்டருக்குப் பதில் 4 அங்குல ஃபில்டர் போடுங்கள். மடிப்பு ஆழமானால் பரப்பு கூடும், அதே மெர்வ் எண்ணில் தடை குறையும். ஃபில்டர் ஓரத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும், அது காற்று போகும் திசையைப் பார்க்க வேண்டும். டக்ட் ஏசிக்கு டன்னுக்கு நிமிடத்துக்குச் சுமார் 400 கன அடி காற்று என்பது பொதுக் கணக்கு. ஃபில்டர் மாற்றியதும் ஆள் வைத்து அளந்துவிடுங்கள்.

தூசிப்பகைவன்: அண்ணா, நீங்கள் சொன்னதை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் உள்ளே போகும் காற்று 28 டிகிரி. துணி இல்லாமல் வெளியே வருவது 16. துணி போட்டால் 12! துணி போட்டால்தான் ஏசி நன்றாகக் குளிர்கிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

அளந்தீர்கள் பாருங்கள், அதற்காகவே உங்களைப் பிடிக்கிறது. ஆனால் அளவு எனக்குத்தான் சாட்சி சொல்கிறது. காயிலைத் தொட்டுக்கொண்டு கொஞ்சக் காற்று மெதுவாகப் போனால் அது அதிகம் குளிரும், சந்தேகமே இல்லை. அறையிலிருந்து எவ்வளவு சூடு வெளியேறியது என்பது காற்றின் அளவையும் டிகிரி வித்தியாசத்தையும் பெருக்கினால்தான் தெரியும். துணி இல்லாமல் 12 டிகிரி வித்தியாசம், முழுக் காற்று. துணியோடு 16 டிகிரி வித்தியாசம். காற்று பாதியாகியிருந்தால் 8தான் கணக்கு. மூன்றில் ஒரு பங்கு குளிர்ச்சியைத் துணி தின்றுவிட்டது.

பாட்டுக்காரி: குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு வரும், குடம் மட்டும் நிறையாது. அதுதானே சார்?

அதேதான் அம்மா. நான் ஒரு பத்தி எழுதினேன், நீங்கள் ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள்.

சுவரோரம்: ஃபேன் வேகத்தைக் குறைத்து வைத்தால் கரண்ட் மிச்சமாகுமா?

ப்ளோயர் சாப்பிடும் கரண்ட் கம்ப்ரஸரோடு ஒப்பிட்டால் சொற்பம், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. குறைந்த வேகத்தால் வேறொரு லாபம் உண்டு: காயில் அதிகம் குளிர்ந்து காற்றின் ஈரத்தைக் கூடுதலாகப் பிழிந்தெடுக்கும். புழுக்கமான நாளில் நல்லது. இந்த இயந்திரம் பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான். 1902இல் வில்லிஸ் கேரியர் வடிவமைத்தது நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் விரிந்து சுருங்கி வண்ணங்கள் இடம் மாறி அச்சாகிக்கொண்டிருந்தன.

தூசிப்பகைவன்: பிடித்துவிட்டேன்! காற்றைக் குறைத்தால் ஈரம் போகும், நல்லது என்று நீங்களே சொல்கிறீர்கள். என் துணியும் காற்றைக் குறைக்கத்தானே செய்கிறது? உங்கள் ரிமோட் செய்தால் நியாயம், என் துணி செய்தால் குற்றமா?

நல்ல கேள்வி. ஒத்துக்கொள்கிறேன், காயிலுக்கு நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். ரிமோட்டில் குறைத்தால் எவ்வளவு குறைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை வைத்துத்தான் தயாரித்திருக்கிறார்கள். துணிக்கு எல்லை கிடையாது, முதல் நாள் ஒரு தடை, பத்தாம் நாள் வேறு தடை. யூனிட் ஹை ஸ்பீடில் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருக்கும், காயிலோ ஐஸ் கட்டுவதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும். டிகிரியைப் பார்க்காதீர்கள். ஒரே மாதிரி இரண்டு மதியங்களில், அறை 32இலிருந்து 27க்கு வர எத்தனை நிமிடம் என்று துணியோடும் துணி இல்லாமலும் பார்த்துவிட்டு வாருங்கள்.

கடைசி பெஞ்ச்: ஃபில்டரை எத்தனை நாளைக்கு ஒருமுறை கழுவணும்?

முதல் கேள்வி.

நிழல்: வருஷா வருஷம் கேஸ் ஏற்ற வேண்டும் என்கிறார்களே?

இரண்டாவது பதில். ஓட்டை வாளி.

மழைக்காகம்: போட்டதும் ஈரத் துணி வாடை வருகிறது.

காயிலிலும் ப்ளோயரிலும் ஈரம் காயாமல் பூசணம் பிடித்திருக்கிறது. காயிலையும் ப்ளோயரையும் ட்ரேயையும் கழுவச் சொல்லுங்கள், ட்ரெய்ன் பைப் அடைப்பையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு அணைக்கும் முன் அரை மணி நேரம் ஃபேன் மோடில் ஓட்டினால் உள்ளே உலரும். சென்ட் அடிக்காதீர்கள்.

இளங்காற்று: எந்த கம்பெனி ஏசி நல்லது அண்ணா?

வந்துவிட்டது.

பால்கனி: அவுட்டோர் யூனிட்டைக் கண்ணாடி அடைத்த பால்கனிக்குள் வைத்திருக்கிறோம். மதியத்தில் அடிக்கடி நின்றுவிடுகிறது.

அறையிலிருந்து அள்ளிய சூட்டை அந்த யூனிட் வெளியே கொட்ட வேண்டும். நீங்கள் பெட்டிக்குள் பூட்டியிருக்கிறீர்கள். தான் விட்ட சூட்டையே அது மறுபடி இழுக்கிறது, அழுத்தம் ஏறி கம்ப்ரஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நிற்கிறது. கண்ணாடியைத் திறந்து வையுங்கள், முடிந்தால் யூனிட்டை வெளியே மாற்றுங்கள்.

வழிப்போக்கன்: மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவினால் போதுமா?

முதல் கேள்வியை யாராவது இவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

தூசிப்பகைவன்: அண்ணா, பார்த்துவிட்டேன். துணி இல்லாமல் 21 நிமிடம். துணியோடு 34. துணியை எடுத்துவிட்டேன். ஆனால் பையனுக்கு என்ன செய்வது?

இதைத்தான் நீங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நானும் சண்டை போடாமல் சொல்லியிருக்க வேண்டும். தனியாக ஒரு ஏர் ப்யூரிஃபையர் வையுங்கள், ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக. 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதைத்தான் ஹெப்பா என்பார்கள். அந்தத் தடையைத் தாங்கக் கூடிய மின்விசிறி அதற்குள்ளேயே இருக்கும். அறையின் அளவுக்குத் தகுந்ததாக வாங்குங்கள். ஏசி வலையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், பையன் அந்த அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றைத்தான் சுற்றவிடும். அதனால் வெளியே தூசி குறைந்த வேளையில் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வையுங்கள்.

புதுக்குடித்தனம்: சார், நீங்கள் சொன்னபடி ஃபில்டரைக் கழற்றினேன். முன்மூடியும் கையோடு வந்துவிட்டது!

பதற வேண்டாம், பல மாடல்களில் அது கழன்று வரும்படிதான் இருக்கும். இரண்டு ஓரத்திலும் உள்ள கொக்கியைப் பள்ளத்தில் உட்கார வைத்து, கீழ்ப்பக்கத்தைக் க்ளிக் என்று சத்தம் வரும்வரை அழுத்துங்கள். எம்சிபியை இறக்கினீர்களா?

புதுக்குடித்தனம்: ரிமோட்டில் அணைத்தேன் சார்.

மூடியைக் கீழே வைத்துவிட்டு முதலில் போய் அதை இறக்கிவிட்டு வாருங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.